ஒரேவிலையார் சொன்ன ‘முடியாது’

பாத்திரக்கடைக்காரர் விழுந்த கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். அவர் விழாமல் இருந்திருந்தால் தேர்தலில் நின்றிருக்கவே மாட்டார்.

மழை விட்ட காலை நேரம். ஷட்டரைத் தூக்கிவிட்டு, ஒரு கையில் பெரிய அண்டாவும் மறுகையில் அதன் மூடியுமாக நடைபாதையில் கால் வைத்தார். அடுத்த நொடி, கால் இருந்த இடத்தில் தலை இருந்தது. அண்டா ஒரு பக்கம் உருண்டது. மூடி மட்டும் தனிவழி பிடித்து, தெருச்சரிவில் கணகணவென்று ஓடி, எதிர்க்கடைத் தையல்காரரின் வாசலில் சுழன்று சுழன்று ஓய்ந்தது. அந்த நடைபாதையில் அதற்கு முன் எத்தனையோ பேர் விழுந்திருக்கிறார்கள். பக்கவாத்தியத்தோடு விழுந்தவர் இவர் ஒருவர்தான்.

நடைபாதைக்கு வழவழப்பான டைல்ஸ் பதித்தது நகராட்சி. நகராட்சித் தலைவர் யார் என்றால் டைல்ஸ் கடைக்காரர். இதில் அதிர்ச்சி அடைய ஒன்றுமில்லை. அந்த ஊரில் கடையில் உட்கார்ந்து அலுத்தவர்கள் எல்லாம் பதவியில் போய் உட்காருவது வழக்கம். பெயிண்ட் கடைக்காரர் தலைவராக இருந்த காலத்தில் சுவர் என்று எது நின்றாலும் அதற்கு வர்ணம் பூசினார்கள். சும்மா நின்ற மாடு ஒன்று மயிரிழையில் தப்பியது. பல்பு கடைக்காரர் வந்தார். பட்டப்பகலில் தெருவிளக்கு எரிந்தது. அவருக்குப் பிறகு வந்த டைல்ஸ்காரர், குளியலறையில் போட வேண்டியதைக் கொண்டுவந்து கடைத்தெருவில் போட்டார். மழை பெய்தால் ஊரே புதிதாக நடை பழகியது.

அதோடு விட்டாரா? கடைத்தெருவையே காலி செய்து, எல்லாக் கடைகளையும் ஊருக்கு வெளியே கட்டப்போகும் ஒரு புதுக் கட்டடத்துக்குள் அடைக்கத் திட்டம் போட்டிருந்தார். தரைக்கு டைல்ஸ், சுவருக்கு டைல்ஸ், படிக்கு டைல்ஸ். கூரைக்கும் போடலாமா என்று யாரையோ விசாரித்ததாகக் கேள்வி.

இவ்வளவும் விழுந்து கிடந்த நிலையில் பாத்திரக்கடைக்காரரின் மனதில் ஓடியது. ரத்தம் கொதித்தது.

“நான் நிக்கிறேன்!” என்று தெருவே கேட்கக் கத்தினார். “இந்தத் தேர்தல்ல நான் நிக்கிறேன்!”

மூடியோடு ஓடிவந்த தையல்காரர், “முதல்ல எந்திரிங்கண்ணே. அப்புறம் நிக்கலாம்” என்றார்.

*

பாத்திரக்கடைக்காரரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஒரேவிலையார் என்றால்தான் தெரியும். கடையில் அவர் தலைக்கு மேலே ஒரு பெரிய பலகை தொங்கும்: ‘ஒரே விலை. பேரம் பேசாதீர்.’ அந்தப் பலகை சொல்வதை அவரும் வாயால் சொல்வார். அந்தத் தெருவிலேயே விலை குறையும் ஒரே கடை அதுதான் என்பது வேறு விஷயம்.

அதற்கு ஒரு முறை இருந்தது. முன்னால் கல்லாவில், சுழல்நாற்காலியில் அவர். பின்னால் சாமான் அறையில், கவிழ்த்துப் போட்ட டிரம்மின் மேல் அவர் மனைவி. வாடிக்கையாளர் குறைத்துக் கேட்டதும் அவர் கண்ணை உருட்டி, “முடியாது! ஒரே விலை! கட்டுப்படியாகாது!” என்று இடிமுழக்கம் செய்வார். வந்தவர் முகம் தொங்கும். எழுந்து இரண்டடி போவார். அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல், பாகு மாதிரி வரும்: “ஏங்க, பாவம்ங்க. மூடியும் சேர்த்துக் குடுத்து அனுப்புங்க.” அவர் தலையில் அடித்துக்கொண்டு, “எல்லாம் என் தலையெழுத்து!” என்று கொடுப்பார். வந்தவர் உள்ளே இருக்கும் அக்காவை வாழ்த்திக்கொண்டே போவார்.

கல்யாணமான புதிதில் இருவரும் கூடிப் பேசி ஏற்பாடு செய்துகொண்ட நாடகம் இது. வியாபாரம் செழித்தது. ஆனால் வருஷங்கள் போகப் போக அவருக்குள் ஒரு புழுக்கம். ஊரில் அக்கா தங்கம், அவர் கருமி. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வார். அவர் சொன்ன ஒரு ‘முடியாது’கூட இதுவரை முழுசாக நின்றதில்லை. அதுதான் அவரை அரித்தது. வாழ்நாளில் ஒரே ஒரு ‘முடியாது’ சொல்ல வேண்டும், அது சொன்ன இடத்தில் அப்படியே நிற்க வேண்டும். அந்த ஆசையோடுதான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார்.

“இந்தா பாரு, நான் முடிவு பண்ணிட்டேன். தேர்தல்ல நிக்கப் போறேன்.”

மனைவி தைலத்தை எடுத்தாள். “திரும்பிப் படுங்க.”

“தடுக்காதே.”

“தடுக்கலையே.”

“தடுத்தாலும் கேக்க மாட்டேன்.”

“சரிங்க.”

“கண்ணீர் விட்டாலும் கேக்க மாட்டேன்.”

“இப்ப நீங்கதான் கண்ணீர் விடறீங்க. ரொம்ப அழுத்திட்டேனா?”

அவர் தலையணையைக் கடித்துக்கொண்டு சொன்னார்: “இன்னொண்ணு. ஓட்டுக் கேக்க நான் தனியாத்தான் போவேன். நீ கூட வரக் கூடாது. அங்கே வந்து, ‘ஏங்க, பாவம்ங்க’ன்னு உள்ளேயிருந்து குரல் குடுக்கற வேலையெல்லாம் வேண்டாம். அது என் இடம். அங்கே என் பேச்சுதான்.”

“சரிங்க.”

இத்தனை சுலபமாகச் சரி சொன்னாளே என்று அவர் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். தைலத்தின் சுகத்தில் விட்டுவிட்டார்.

*

தையல்காரர் துணைக்கு வர, ஒரேவிலையார் முதல் வீட்டுக் கதவைத் தட்டினார். வாசலை ஒட்டி ஒரு திறந்த சாக்கடை வாய் பிளந்து கிடந்தது. அதைத் தாண்டித்தான் அந்த வீட்டம்மா வெளியே வந்தார்.

“வாங்கண்ணே. நல்ல நேரத்துல வந்தீங்க. இந்தச் சாக்கடைக்கு ஒரு மூடி இல்லை. பிள்ளைங்க விழுந்துருமோன்னு பயமா இருக்கு. நீங்க ஜெயிச்சா போட்டுக் குடுப்பீங்களா?”

வேறு எந்த வேட்பாளராக இருந்தாலும் பத்து மூடி போடுவதாகச் சொல்லியிருப்பார். ஒரேவிலையாருக்கு மூடி என்ற சொல் காதில் விழுந்ததும் வாய் தானாகத் திறந்தது.

“மூடியெல்லாம் முடியாதும்மா. கட்டுப்படியாகாது.”

சொல்லிவிட்டு நிறுத்தினார். அந்த அம்மாவும் பேசாமல் நின்றார். இருவரும் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா அவர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே தையல்காரர் காது குடைந்துகொண்டிருந்தார்.

“அக்கா வரலையா?”

“அவ எதுக்கு? நான்தானே வேட்பாளர்!”

“இல்லண்ணே, நீங்க இப்படிச் சொன்னா, அவங்க ஒண்ணு சொல்லுவாங்களே. அதைக் கேட்டுட்டு உள்ளே போலாம்னு பாத்தேன்.”

“அதெல்லாம் கடையில!”

“அப்ப சரி. அவங்க வரும்போது நீங்களும் வாங்க.” கதவு சாத்திக்கொண்டது.

அடுத்த வீட்டில் தெருவிளக்கு கேட்டார்கள். முடியாது என்றார். அதற்கடுத்த வீட்டில் குப்பைத்தொட்டி கேட்டார்கள். கட்டுப்படியாகாது என்றார். ஒரு வீட்டில் பாவம், தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டதற்கே முடியாது என்று சொல்லிவிட்டு, பிறகு விக்கிக்கொண்டு வாங்கிக் குடித்தார்.

தெருமுனையில் தையல்காரர் அழாத குறையாகக் கெஞ்சினார். “அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். எது கேட்டாலும் சரின்னு சொல்லிடுங்க. செய்யறதைப் பத்தி ஜெயிச்சப்புறம் யோசிக்கலாம்.”

“அறிவிருக்காய்யா உனக்கு? கேட்ட உடனே சரின்னு சொன்னா பொருளுக்கு என்ன மதிப்பு இருக்கும்? எந்த வியாபாரியாவது முதல் வார்த்தையிலேயே குடுப்பானா?”

“குடுக்க மாட்டான். ஆனா இரண்டாவது வார்த்தை ஒண்ணு இருக்குல்ல? அதைச் சொல்ற ஆளை நீங்க வீட்டுல விட்டுட்டு வந்துட்டீங்களே!”

ஒரேவிலையார் முகத்தை வேறு பக்கம் திருப்பினார். எதிரே சுவரொட்டியில் டைல்ஸ்காரர் பளபளவென்று சிரித்துக்கொண்டிருந்தார்.

*

மாலை கடையில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து, மனைவி ஒரு குண்டானைத் துடைத்துக்கொண்டிருந்த இடத்துக்கு ஒரேவிலையார் போய் நின்றார்.

“நாளைக்கு என்கூட வர்றியா?”

“எங்கே?”

“சும்மா... காத்தாட. நாலு வீட்டுக்கு.”

“முடியாது.”

அவர் காத்திருந்தார். பழக்கதோஷம். ‘ஏங்க, பாவம்ங்க’ என்று யாராவது எங்கேயிருந்தாவது சொல்வார்கள் என்று காது ஏங்கியது. சொல்ல வேண்டியவளே எதிரே நின்று முடியாது என்றால் வேறு யார் சொல்வார்கள்? தன் கடைக்கு வரும் வாடிக்கையாளர்கள் படும் பாடு அவருக்கு அன்றுதான் புரிந்தது.

“கொஞ்சம் பாத்துச் சொல்லும்மா.”

“பாத்துத்தாங்க சொல்றேன். ஒரே விலை.”

சரி, நமக்கும் வித்தை தெரியும் என்று விருட்டென்று திரும்பி வாசலை நோக்கி நடந்தார். வாடிக்கையாளர்கள் நடப்பார்களே, அந்த நடை. கால் முன்னால் போகும், காது பின்னால் இருக்கும். வாசல்படி வந்துவிட்டது. குரல் வரவில்லை. ஒரு கால் படியில், ஒரு கால் உள்ளே. வரவில்லை.

திரும்பினார். “கூப்பிட மாட்டியா?”

“போகும்போது ஃபேனை நிறுத்திட்டுப் போங்க.”

ஒரேவிலையார் மானத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். “சரி. உன் விலைதான் என்ன, சொல்லு.”

மனைவி குண்டானைக் கீழே வைத்தாள். “முன்னாடி இருக்கிற சுழல்நாற்காலி.”

“அது எதுக்கு உனக்கு?”

“இந்தக் கடைக்கு வந்ததுலேருந்து நான் நல்லவளாவே இருக்கேங்க. அலுத்துப் போச்சு. யாரு என்ன கேட்டாலும் பாகா உருகணும். எத்தனை பேரைப் பாத்துப் பல்லைக் கடிச்சுருக்கேன் தெரியுமா? ஒரு நாளாவது வாய் நிறைய ‘முடியாது’ன்னு சொல்லிப் பாக்கணும்னு இருக்கு.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “உனக்கா? உனக்கெல்லாம் அது வராதும்மா. அதுக்குன்னு ஒரு குரல் வேணும், ஒரு மீசை வேணும்.”

“வராட்டிப் போகுது. நாற்காலி?”

நகராட்சியில் மெத்தை வைத்த நாற்காலி காத்திருக்க, கிரீச்சிடும் இந்தப் பழசு எதற்கு என்று அவருக்குத் தோன்றியது. மகாராஜா ஊர் எழுதிக் கொடுப்பதுபோல் கையை வீசிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் சாக்கடை வீட்டிலிருந்து மறுபடி தொடங்கினார்கள். அவர் முடியாது என்றார். பின்னாலிருந்து அவள், “ஏங்க, பாவம்ங்க. ஒரு மூடி போட்டுக் குடுங்க” என்றாள். அந்த அம்மாவின் கண்ணில் நீர் தளும்பியது. ஊரெங்கும் இதே நாடகம், ஊரெங்கும் கைதட்டல். ஒரேவிலையார் ஜெயித்து நகராட்சி உறுப்பினர் ஆனார். டைல்ஸ்காரரும் ஜெயித்து, மறுபடி தலைவரானார்.

*

முதல் கூட்டத்திலேயே கடைத்தெருவைக் காலி செய்யும் தீர்மானம் வந்தது. மற்ற உறுப்பினர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கம், பாதிப் பேர் இந்தப் பக்கம். ஒரேவிலையாரின் ஓட்டு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் ஜெயம்.

அவர் எழுந்தார். எத்தனை காலமாகக் காத்திருந்த நேரம்! மேஜையில் ஓங்கி ஒரு குத்து விட்டார்.

“முடியாது! கட்டின வீட்டையும் வைச்ச கடையையும் காலி பண்ணச் சொல்ல நீங்க யாருய்யா? உங்க டைல்ஸ் விக்கணுங்கறதுக்காக நாங்க ஊருக்கு வெளியே போகணுமா? எங்க தெருவை விட்டு ஒரு கரண்டிகூட நகராது! என் உசுரே போனாலும் என் ஓட்டு கிடையாது!”

உடம்பெல்லாம் புல்லரித்தது. சொல்லிவிட்டார். உள்ளேயிருந்து குரல் கொடுக்க அங்கே யாரும் இல்லை. ‘முடியாது’ அந்த மண்டபத்தின் நடுவே தூண் மாதிரி நின்றது.

டைல்ஸ்காரர் கோபப்படவில்லை. சிரித்தார். நல்ல பொருளைப் பார்த்துவிட்டவரின் சிரிப்பு அது.

“புரியுதுண்ணே. உங்க விலை கொஞ்சம் கூடத்தான். ஓட்டெடுப்பைத் தள்ளி வைக்கிறேன். நிதானமா வீட்டுல கேட்டுட்டு வாங்க.”

“இது பேரம் இல்லைய்யா! முடியாதுன்னா முடியாது!”

மண்டபமே சிரித்தது. எல்லோரும் அவர் கடையில் சாமான் வாங்கியவர்கள். அவர் பக்கத்து உறுப்பினர் ஒருவர் அன்போடு தோளைத் தட்டினார். “என் அண்டாவுக்கும் இதே வார்த்தையைத்தான் சொன்னீங்கண்ணே. உசுரு போனாலும்னுகூடச் சொன்னீங்க. அப்புறம் அக்கா மூடியும் சேர்த்துக் குடுத்தாங்க.”

நொந்துபோய்த் தெருவுக்குத் திரும்பினார். தையல்காரர் தன் மெஷினுக்குச் சாக்குச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“என்னய்யா பண்றே?”

“கூட்டத்துல முடியாதுன்னு சொல்லிட்டீங்களாமே. அதான், காலி பண்ண ஏற்பாடு பண்றேன்.”

ஒரேவிலையார் வேறு எதையும் தாங்குவார்; இதைத் தாங்க முடியவில்லை. நேரே கடைக்குள் போனார். சுழல்நாற்காலியில் மனைவி இருந்தாள். நடந்ததை எல்லாம் கொட்டினார்.

“உசுரைக் குடுத்துக் கத்தினேன். ஒருத்தன் நம்பலை. நம்ம தெரு போயிடும்மா. என் வாயாலேயே போயிடும்.”

அவள் ஒரு முறை நாற்காலியைச் சுழற்றி நிறுத்தினாள். “அவர் நாளைக்கு இங்கேதான் வருவாரு, பேரம் பேச. நீங்க பின்னாடி டிரம்மு மேல உக்காருங்க. என்ன ஆனாலும் வாயைத் திறக்கக் கூடாது.”

“நான் மக்கள் பிரதிநிதி! நான் பேசாம யாரு பேசறது?”

“அதனாலதாங்க சொல்றேன்.”

*

டைல்ஸ்காரர் வந்தார். கையில் மாதிரிக்கு ஒரு டைல்ஸ். கல்லாவில் அக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பாதி வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தார் போலும்.

“அக்கா, புதுக் கட்டடத்துல மூலைக்கடை உங்களுக்குத்தான்.”

“முடியாது.”

பின்னால் டிரம்மின் மேல் ஒரேவிலையார் நிமிர்ந்து உட்கார்ந்தார். மீசை இல்லாமலே அந்தச் சொல் அப்படி வந்தது.

“ரெண்டு கடையாத் தர்றேன். நடுச்சுவரை எடுத்துடலாம்.”

“முடியாது.”

“தரை முழுக்க இந்த டைல்ஸ். முகம் பாக்கலாம்.”

“முகம் பாக்க எங்க கடையில தட்டு இருக்கு. முடியாது.”

டைல்ஸ்காரர் அவளைத் தாண்டி உள்ளே பார்த்தார். அவரும் வியாபாரிதானே; இந்தக் கடையில் இரண்டாவது வார்த்தை பின்னாலிருந்துதான் வரும் என்று தெரிந்தவர். மெதுவாக எழுந்தார். “அப்ப நான் வரட்டுமா?” என்று வாசலை நோக்கி நடந்தார்.

போகிறவரின் முதுகு. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எந்தக் கடைக்காரராலும் முடியாது. ஒரேவிலையாரின் அடிவயிற்றிலிருந்து, ‘கூப்பிடு, கூப்பிடு’ என்று ஏதோ கிளம்பி, மார்புக்கு வந்து, தொண்டையை முட்டியது. உதடு பிரிந்துவிட்டது. கையில் அகப்பட்ட கரண்டியின் காம்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். கண்ணில் நீர் வழிந்தது. தெரு, தையல்காரர், சாக்குச் சுற்றிய மெஷின் எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டு கடித்தார்.

வாசலில் டைல்ஸ்காரர் திரும்பினார். “கூப்பிட மாட்டீங்களா?”

“பாத்துப் போங்க,” என்றாள் அவள். “வெளியே உங்க டைல்ஸ்தான். வழுக்கும்.”

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, அடி மேல் அடி வைத்துப் போய்ச் சேர்ந்தார். ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது: அக்காவே முடியாது என்று சொல்லிவிட்டார்கள்! ஓட்டெடுப்பு வரை போகாமல் தீர்மானம் வாபஸ் ஆனது. தையல்காரர் சாக்கைப் பிரித்து மெஷினுக்கு எண்ணெய் விட்டார். தெருவே திரண்டு வந்து சுழல்நாற்காலியின் முன்னால் நின்று நன்றி சொன்னது.

பின்னாலிருந்து வாயில் கரண்டித் தழும்போடு வெளியே வந்தார் ஒரேவிலையார். “அந்த ஓட்டு என்னுதுய்யா!”

“தெரியும்ணே,” என்றார் தையல்காரர், உண்மையான மரியாதையோடு. “நீங்க வாயைத் திறக்காம இருந்தீங்களே. அதுக்கு ஒரு தைரியம் வேணும்.”

கூட்டம் கலைந்ததும் மனைவியிடம் போனார். “சரி, வேலை முடிஞ்சுது. எந்திரி. நாற்காலியைக் குடு.”

“முடியாது.”

“என்னது?”

“பேசின பேச்சு பேச்சுதாங்க. ஒரே விலை.” முகத்தில் அப்படி ஒரு தேஜஸ். சாகும் வரை அந்த நாற்காலியை விட்டு அவள் எழுந்திருக்கப் போவதில்லை என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று.

அந்த நேரம் பார்த்துச் சாக்கடை வீட்டம்மா வந்தார். சாக்கடைக்கு மூடி வந்துவிட்ட சந்தோஷம். கூடவே ஒரு குண்டான் வாங்கும் யோசனை. ஒரேவிலையார் பேசாமல் போய் டிரம்மின் மேல் உட்கார்ந்தார்.

“இந்தக் குண்டானைக் கொஞ்சம் குறைச்சுக் குடுங்கக்கா.”

“முடியாது! ஒரே விலை! கட்டுப்படியாகாது!” கடை அதிர்ந்தது. மாட்டியிருந்த கரண்டிகள் ஆடின.

அந்த அம்மா கலங்கவில்லை. அக்காவைத் தாண்டி, உள்ளே டிரம்மைப் பார்த்தார். அக்காவும் லேசாகத் தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள்.

ஒரேவிலையார் பல்லைக் கடித்தார். மாட்டேன். நான் மக்கள் பிரதிநிதி. தீர்மானத்தையே தோற்கடித்தவன். இந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வராது. உலகமே கவிழ்ந்தாலும் வராது.

அந்த அம்மா திரும்பி ஓரடி வைத்தார். இன்னோரடி வைத்தார்.

“ஏம்மா, பாவம்மா,” என்றார் மாண்புமிகு நகராட்சி உறுப்பினர், டிரம்மின் மேலிருந்து. “மூடியும் சேர்த்துக் குடுத்து அனுப்பு.”